வாய்க்காலின் கடைசிப் பங்கு

பரந்தன் சந்தியில் நான் இறங்கினேன். என் பெட்டி இறங்கவில்லை. அது யாழ்ப்பாணம் போய்விட்டது.

வவுனியாவில் ஏறும்போது நடத்துநர் அதை என்னிடமிருந்து வாங்கிப் பின்வரிசைக்கு அடியில் தள்ளி வைத்தார். நான் சன்னலோரம் உட்கார்ந்து, வெயிலில் காய்ந்து கிடந்த வயல்களையும் நடுவே திடீரென்று பச்சையாகத் தெரியும் மரக் கூட்டங்களையும் பார்த்துக்கொண்டே வந்தேன். "பரந்தன், பரந்தன், கெதியா இறங்குங்கோ" என்று அவர் விரட்டிய விரட்டில் கைப்பையை மட்டும் பிடித்துக்கொண்டு குதித்தேன். தூசி அடங்கியபோதுதான் என் கை இலேசாக இருப்பது உறைத்தது.

அந்தப் பெட்டியில் மூன்று சட்டையும் ஒரு டப்பா இட்லிப்பொடியும் இருந்தன. போனால் போகிறது. ஆனால் மடிக்கணினியும் புரொஜெக்டரும் அதில்தான் இருந்தன. பதினோரு வருடங்களாக நான் சேர்த்து வைத்த சினிமாத் துண்டுகளும் அதில்தான். என் பிழைப்பே அந்தப் பெட்டிதான்.

கோயம்புத்தூரில் நான் பார்க்கும் வேலையைச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். மில் மேலாளர்களையும் வங்கி அதிகாரிகளையும் குளிர்சாதன அறையில் உட்கார வைத்து, பிரபலமான படங்களிலிருந்து காட்சிகளைப் போட்டுக் காட்டி, "இதிலிருந்து தலைமைப் பண்புக்கு என்ன பாடம்?" என்று கேட்பேன். யாரும் தூங்க மாட்டார்கள் என்பது இந்த வகுப்பின் முதல் சிறப்பு. இரண்டாவது சிறப்பு எதுவென்று இன்னும் தெரியவில்லை என்பாள் என் மனைவி.

இந்த வகுப்பின் சின்னச் சின்ன வீடியோக்களைக் கைபேசியில் பார்த்துவிட்டுத்தான் தயாபரன் எனக்குக் குரல்செய்தி அனுப்பியிருந்தார். முல்லைத்தீவு மாவட்டத்தில், விசுவமடுவுக்கு உள்ளே ஒரு சின்னக் குளம். அந்தக் குளத்துத் தண்ணீரில் நெல் செய்கிறவர்களின் கமக்கார அமைப்புக்கு அவரைத் தலைவராக்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. "சேர், எல்லாரும் சேர்ந்து என்னைத் தலைவரா ஆக்கிப்போட்டினம். கூட்டத்திலை கதைக்க எழும்பினா கால் ரெண்டும் நடுங்குது. நீங்கள் ஒருக்கா வந்து சொல்லித் தரவேணும்" என்றது அந்தக் குரல். கொழும்பில் ஒரு கம்பெனிக்கு வகுப்பெடுக்கப் போகும் வேலை எனக்கு வந்தது. கூட ஐந்து நாள் போட்டுக்கொண்டு வடக்கே கிளம்பிவிட்டேன். விவசாயிகளுக்கு என் வகுப்பு என்ன ஆகும் என்று பார்க்க எனக்கே ஆசையாக இருந்தது.

தயாபரன் மோட்டார் சைக்கிளோடு சந்தியில் காத்திருந்தார். நாற்பதைத் தொடும் வயது, ஒல்லி, வெற்றிலைக் கறை இல்லாத பளிச்சென்ற சிரிப்பு. நான் பெட்டியைப் பற்றிச் சொல்லிப் புலம்ப, எனக்கென்று கொண்டுவந்திருந்த தலைக்கவசத்தை அவரே என் தலையில் மாட்டிவிட்டார்.

"பயப்பிடாதேங்கோ சேர். நாளைக்கு இல்லாட்டி நாளையிண்டைக்கு வரும்."

"என்ன நம்பிக்கையில் சொல்கிறீர்கள்?"

"அந்த பஸ் திரும்பி இதாலைதானே வரவேணும்."

காந்திபுரம் பேருந்து நிலையத்தில் ஒரு குடையை மறந்துவிட்டுப் பத்தே நிமிடத்தில் திரும்பிப் போய் ஏமாந்தவன் நான். அவருடைய தர்க்கம் எனக்குப் பிடித்திருந்தது, நம்பத்தான் முடியவில்லை.

வீட்டில் தயாபரனின் மனைவி யசோ புட்டும் மீன்குழம்பும் வைத்துக் காத்திருந்தார். புட்டு என்றால் நமக்குச் சர்க்கரையும் வாழைப்பழமும்தான். இங்கே அதன்மேல் குழம்பை ஊற்றி, பக்கத்தில் பொரித்த மிளகாய் வைத்து நீட்டுகிறார்கள். முதல் கவளத்தில் விழித்தேன். மூன்றாவது கவளத்தில் கோயம்புத்தூர்க்காரர்கள் இத்தனை காலமும் புட்டை வீணடித்துவிட்டார்கள் என்று தோன்றியது.

மறுநாள் காலை பொதுநோக்கு மண்டபத்தில் வகுப்பு. ஓடு போட்ட நீள அறை, பிளாஸ்டிக் கதிரைகள், முப்பது பேர் போல. காட்ட என்னிடம் படம் இல்லை. வேறு வழியில்லாமல் காட்சிகளை நானே நடித்துக் காட்டத் தொடங்கினேன்.

என் வகுப்பில் எப்போதும் கைதட்டு வாங்கும் காட்சி ஒன்று உண்டு. பஞ்சத்தில் தவிக்கும் ஊர். அணையின் கதவைப் பூட்டிச் சாவியை வைத்துக்கொண்டு அநியாயம் செய்கிறான் பண்ணையார். கொட்டும் மழையில் கதாநாயகன் தன்னந்தனியாகக் கடப்பாரையோடு வந்து பூட்டை உடைத்து, மதகைத் தூக்குகிறான். வெள்ளம் சீறிப் பாய்கிறது. பாடம்: தலைவன் அனுமதிக்காகக் காத்திருப்பதில்லை. நான் விளக்குமாற்றைக் கடப்பாரையாகப் பிடித்து, மூச்சிரைக்க நடித்து முடித்தேன்.

கைதட்டு வரவில்லை. எல்லார் முகத்திலும் கவலைதான் தெரிந்தது.

முன்வரிசையில் இருந்த நடராசா என்பவர் கையைத் தூக்கினார். அறுபது வயதிருக்கும், நரைத்த மீசை. யசோவுக்குச் சித்தப்பா முறை என்று பிறகு அறிந்தேன். "சேர், உந்தத் துருசுக்குக் கீழை வாய்க்கால் துப்புரவாக்கி இருந்ததோ?" மதகைத்தான் இங்கே துருசு என்கிறார்கள்.

"படத்தில் அது காட்டவில்லை ஐயா."

"துப்புரவாக்காமல் ஒரேயடியாத் திறந்தா தண்ணி வாய்க்கால் கட்டை உடைச்சுக்கொண்டெல்லோ போகும்? உங்கடை ஹீரோ பண்ணையாரைப் பழிவாங்கிறன் எண்டு ஊரையெல்லோ தண்ணியிலை தாட்டுப்போட்டார்."

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. சிரிப்பு அடங்கும் நேரம், கதவோரம் கடைசிக் கதிரையில் இருந்த ஒரு பெண் கேட்டார்: "அதுவும் மழை பேயுறப்ப எதுக்குங்க தண்ணி தொறக்குறாரு?"

நான் விளக்குமாற்றைக் கீழே வைத்தேன். பதினோரு வருடம், எத்தனை நூறு மேலாளர்கள். ஒருவர்கூட அதைக் கேட்டதில்லை. எனக்கும் தோன்றியதில்லை.

அடுத்த காட்சிக்குத் தாவினேன். ஊர்க் கூட்டத்தில் எல்லாரும் எதிர்க்க, கதாநாயகன் மேசைமேல் ஏறி நின்று மூன்று நிமிடம் பேசுகிறான். பேச்சு முடியும்போது மொத்த ஊரும் அவன் பக்கம். பாடம்: தலைவனின் சொல் மலையையும் நகர்த்தும். நான் மேசைமேல் ஏறவில்லை. அதன் கால் ஒன்று ஆடியது.

மீண்டும் அதே கதவோரக் குரல். "அவரு பேசி முடிக்கிற வரைக்கும் ஊர்ச்சனம் என்ன பேசிச்சுங்க?"

"அவர்களுக்கு வசனம் இல்லை, அம்மா."

"ஓ" என்று சொல்லிவிட்டு அவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டார். அதோடு விட்டுவிட்டார். நான்தான் அன்று முழுவதும் அந்த "ஓ"வைச் சுமந்துகொண்டு திரிந்தேன்.

தேத்தண்ணி நேரத்தில் அவரிடமே போய்ப் பேசினேன். பெயர் புஷ்பராணி. என் ஊர்த் தமிழ் போலவே இருக்கிறதே என்றேன். அவருடைய தாய் தகப்பன் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர்கள், கலவரம் ஒன்றுக்குப் பிறகு உயிருக்குப் பயந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். "எங்க பேச்சைக் கேட்டாலே இஞ்ச கண்டுபிடிச்சிருவாங்க. நீங்களும் கண்டுபிடிச்சிட்டீங்க" என்று சிரித்தார். கையில் சீனியைக் கொட்டி நக்கிக்கொண்டே வெறுந்தேத்தண்ணி குடிக்க எனக்குக் கற்றுத் தந்தவர் அவர்தான். எங்கள் ஊர் டிகிரி காப்பியை இனிமேல் பெருமையாகப் பேசுவதில்லை என்று முடிவு செய்தேன்.

அன்று பின்னேரம் முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தபோது, தயாபரன் தன் உண்மையான கவலையைச் சொன்னார். அவர் காலை நடுங்க வைத்தது மேடைப் பயம் அல்ல. அது ஒரே ஒரு கூட்டம். மூன்று நாளில் வரப்போவது.

மாரி மழை குறைந்துவிட்டது. குளத்தில் இருக்கும் தண்ணீர் துருசுக்கு அருகிலுள்ள மூன்றில் ஒரு பங்கு வயலுக்குத்தான் போதும். இப்படிப்பட்ட வருடங்களில் சிறுபோகத்துக்கு, அதாவது கோடை நெல்லுக்கு, இங்கே ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். கிட்ட உள்ள வயல் யாருடையதாக இருந்தாலும் அந்த ஒரு போகத்துக்கு அது எல்லாருக்கும். சமமாகப் பிரித்து, இலக்கம் எழுதிச் சீட்டுப் போட்டு, தூரத்து வயல்காரருக்கும் ஒவ்வொரு துண்டு கொடுப்பார்கள். போகம் முடிந்ததும் காணி சொந்தக்காரரிடம் திரும்பிவிடும்.

நான் இரண்டு தடவை கேட்டு உறுதிசெய்துகொண்டேன். "தன் சொந்த வயலை அடுத்தவர் உழ விட்டுவிட்டு, சொந்தக்காரரும் ஒரு துண்டுதான் எடுப்பாரா?"

"ஓம். தண்ணி எல்லாருக்கும்தானே."

எங்கள் பக்கம் ஒரு வரப்புக்காக அண்ணன் தம்பி நீதிமன்றம் ஏறி முப்பது வருடமாக இறங்காமல் இருக்கிறார்கள். எனக்கு நம்பவே நேரம் பிடித்தது.

சிக்கல் புஷ்பராணிதான். அவர் வயல் வாய்க்காலின் கடைசி. அவர் காணிக்கு அனுமதிப்பத்திரம் இன்றுவரை வரவில்லை. பத்திரம் இல்லாததால் அமைப்பின் பெயர்ப்பட்டியலிலும் அவர் பெயர் ஏறவில்லை. நல்ல மழை வருடங்களில் மிஞ்சிய தண்ணீர் தானாக அவர் வயலுக்குப் போய்ச் சேரும், யாரும் பட்டியலைப் பார்க்க மாட்டார்கள். இந்த வருடம் தண்ணீர் அவ்வளவு தூரம் போகாது. பங்கு கிடைத்தால்தான் அவருக்குச் சிறுபோகம்.

"பட்டியல்லை இல்லாத ஆளுக்கு ஏன் பங்கு எண்டு நடராசா மாமா கேக்கிறார். அவரின்ரை காணிதான் முதல் காணி. அவர் மாட்டன் எண்டா மற்றவையும் மாட்டினம். நான் அவரை எதிர்த்து எப்பிடிச் சேர் கதைக்கிறது? யசோவின்ரை சித்தப்பா. இந்த வீடு கட்டேக்கை சீமெந்துக் கல்லரிஞ்சு தந்த மனிசன்."

"அவர் கெட்டவரா?"

"சீச்சீ. முந்தி ஒருக்காப் பங்கு குடுத்து, திரும்பி வரேக்கை வரம்பை வெட்டிக் காணி சிறுத்து வந்தது. அந்தக் கோவம்."

யசோ சமையலறைக்குள்ளிருந்து குரல் கொடுத்தார். "புஷ்பராணி அக்கா விதைநெல்லு மூண்டு மூட்டை எடுத்து வைச்சிருக்கிறா. பங்கு இல்லையெண்டா அதை அவிச்சுக் குத்திச் சாப்பிட்டுட்டு, மகளையும் விட்டிட்டுக் கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போறதாச் சொன்னவா. நீங்கள் ரெண்டு பேரும் படக்கதை கதைச்சுக்கொண்டிருங்கோ."

எனக்குச் சுரீரென்றது. ஆனால் தொழில் புத்தி போகுமா? தயாபரனுக்கு ஒரு பேச்சு எழுதித் தருகிறேன் என்றேன். மேசைமேல் ஏறாமலே ஊரைத் திருப்பும் பேச்சு. அவர் கண்கள் விரிந்தன. ஒரு கொப்பியின் நடுப்பக்கங்களைக் கிழித்துத் தந்தார்.

மூன்றாம் நாள் வாய்க்கால் துப்புரவு. தண்ணீர் திறப்பதற்கு முன் ஒரு காலையில் ஊரே இறங்கி வாய்க்காலைச் சுத்தம் செய்கிறது. துருசிலிருந்து கடைசிவரை வாய்க்காலைத் துண்டு துண்டாகப் பிரித்து, குடும்பத்துக்கு ஒரு பங்கு என்று வைத்திருக்கிறார்கள். ஒரு மருதமரத்திலிருந்து அடுத்த கல்வரை ஒருவர், அங்கிருந்து சின்னப் பாலம்வரை இன்னொருவர். எழுதி வைப்பது இல்லை. ஆளாளுக்குத் தன் பங்கு தெரியும்.

என் கையிலும் ஒரு மண்வெட்டி கொடுத்தார்கள். பத்து வெட்டில் கொப்புளம் வந்துவிட்டது. பதினோராவது வெட்டில் நடராசா அதை வாங்கிக்கொண்டார். "சேர், நீங்கள் பாடம் சொல்லுங்கோ, இது எங்களுக்கு விடுங்கோ" என்றார். கேலிதான், ஆனாலும் கொப்புளத்தைப் பார்த்துவிட்டு யசோவிடம் சொல்லித் தேங்காயெண்ணெய் வாங்கிக் கொடுத்தவரும் அவரே. அவர் பங்கு மயிலிறகால் பெருக்கியதுபோல இருந்தது.

வேலையில்லாமல் நின்றதால் வாய்க்காலோரமாக நடந்தே போனேன். துருசுக்குக் கிட்ட மணல், ஒரு வழி வழித்தால் முடிந்தது. போகப் போகச் சேறு, பிறகு புல், பிறகு நாணல். கடைசிப் பங்கில் வாய்க்கால் இருப்பதே தெரியவில்லை. மேலிருந்து அடித்து வந்த குப்பையெல்லாம் அங்கேதான் சேர்கிறது, வேலிப்பருத்தியும் முள்ளுமாக மூடிக் கிடந்தது. உள்ளே இடுப்பளவு சேற்றில் புஷ்பராணியும் அவருடைய பத்தாம் வகுப்பு மகளும் நின்றார்கள். மற்றவர்கள் கரையேறிவிட்டார்கள். இவர்களுக்குப் பாதிகூட முடியவில்லை.

"ஒவ்வொரு வருசமும் இது உங்களுக்குத்தானா?"

"சண்டை முடிஞ்சு திரும்பி வந்து குடியேறின வருசத்திலேருந்து. யாரும் இதை எடுக்கலைங்க. எங்க வயலு பக்கத்தில இருக்கேன்னு நாங்க எடுத்துக்கிட்டோம்."

"இந்த வருடம்தான் இங்கே தண்ணீரே வராதாமே?"

அவர் ஒரு கணம் நிமிர்ந்து முதுகைப் பிடித்துக்கொண்டார். "வராதுங்க. ஆனா நம்ம பங்கை வெட்டாம விட்டா எப்பிடி?"

மத்தியானம் குழைசாதம். பெரிய கிடாரத்தில் சோற்றையும் எல்லாக் கறிகளையும் ஒன்றாகப் போட்டுப் பிசைந்து, உருட்டி உருட்டி ஒவ்வொருவர் கையிலும் வைக்கிறார்கள். கத்தரிக்காயா பூசணியா என்று பிரித்துச் சொல்ல முடியாத, ஆனால் இன்னொரு உருண்டை கேட்கத் தூண்டும் ருசி. தாயும் மகளும் வந்து சேர்ந்தபோது கிடாரம் காலியாகியிருந்தது. உருட்டிக்கொண்டிருந்த நடராசா, தனக்கென்று எடுத்து வைத்த இரண்டு உருண்டையையும் அவர்கள் கையில் வைத்தார். இந்த மனிதரை எந்தப் படத்திலும் எந்தப் பாத்திரத்திலும் அடக்க முடியாதே என்று நான் குழம்பினேன்.

நாலாம் நாள் தயாபரன் என்னை நாயாற்றுக்குக் கூட்டிப்போனார். மீன் சாப்பிட என்று சொன்னார். அவர் நோக்கம் யாரும் இல்லாத இடத்தில் பேச்சை ஒத்திகை பார்ப்பது. கடற்கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கயிற்றின் இரண்டு பக்கமும் வரிசை வரிசையாக ஆட்கள். பழக்கதோஷத்தில் கடைசியில் நின்றவரிடம் கேட்டேன், இதில் தலைவர் யார் என்று.

"சம்மாட்டியையோ கேக்கிறியள்? அவர் வீட்டை நிக்கிறார்" என்றார் வலையின் சொந்தக்காரரைப் பற்றி. "இஞ்சை வலைதான் நிக்குது. சும்மா நிண்டு கேக்காமல் ஒரு கை பிடியுங்கோவன்."

கொப்புளக் கையோடு கயிற்றைப் பிடித்தேன். அரைமணி நேரம் இழுத்ததில் எனக்குக் கூலியாக நாலு மீன் கிடைத்தது. பக்கத்துக் கடையில் பொரிக்கக் கொடுத்துச் சோற்றோடு சாப்பிட்டோம். நான் சம்பாதித்த மீன் என்பதால் முள்ளைக்கூட விட மனம் வரவில்லை.

பிறகு பாலத்தருகே நின்று தயாபரன் கடலுக்குப் பேச்சு நிகழ்த்தினார். "தலைவன் என்பவன் முன்னால் நடப்பவன் அல்ல, உங்கள் நிழலாய்ப் பின்னால் வருபவன்" என்று தொடங்கும் என் பேச்சு. கையை எங்கே உயர்த்த வேண்டும், எங்கே நிறுத்தி எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்க்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். காற்று பலமாக இருந்தது. கடல் எதிர்க்கவில்லை.

திரும்பி வரும்போது விசுவமடுச் சந்திக் கடையில் என் பெட்டி இருந்தது. தயாபரன் பரந்தனில் சொல்லி வைத்திருந்தபடியே, யாழ்ப்பாணத்திலிருந்து அதே பேருந்தில் அங்கே வந்து, முல்லைத்தீவு பஸ்காரரிடம் கைமாறி, அவர் கடையில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார். "கொண்டக்டர் போன் எடுத்தவர். உள்ளுக்கை ஏதோ பொடி மணக்குது, தமிழ்நாட்டு ஆளின்ரையாத்தான் இருக்கும் எண்டு சொன்னவர்" என்றார் கடைக்காரர். இட்லிப்பொடி டப்பா மூடி கழன்று என் மூன்று சட்டையும் காரமாகியிருந்தன. காந்திபுரம் குடையை நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் கூட்டம். மண்டபம் நிறைந்திருந்தது. நான் சுவரோரம் உட்கார்ந்தேன். புஷ்பராணி அதே கதவோரக் கதிரையில். பட்டியலில் இல்லாதவர் என்பதால் உள்ளே வரலாமா என்று அவருக்கே சந்தேகம் போல, கதிரையின் பாதி வாசலுக்கு வெளியே இருந்தது.

தயாபரன் எழுந்தார். தாளை விரித்தார். அவர் காற்சட்டைக்குள் முழங்கால் ஆடுவது எனக்குத் தெரிந்தது.

"தலைவன் என்பவன் முன்னால் நடப்பவன் அல்ல" என்று ஆரம்பித்து, நான் சொல்லிக்கொடுத்தபடியே நிறுத்தி, எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"தம்பி, உது எந்தப் படம்?" என்றார் நடராசா.

கூரை ஓடு பறக்கும் சிரிப்பு. சிரிக்காதவர்கள் மூன்று பேர். தயாபரன், புஷ்பராணி, நான். எனக்கு வெட்கத்தில் காது எரிந்தது. ஒரு பெண்ணின் போகத்தையே என் வசனத்தில் கட்டித் தொங்கவிட்டோமே என்று அப்போதுதான் புத்தி வந்தது.

தயாபரன் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டார். பிறகு, கையை எங்கும் உயர்த்தாமல், வீட்டில் பேசுவதுபோலக் கேட்டார்.

"சரி, ஒண்டு கேக்கிறன். அண்டைக்கு வாய்க்கால் வெட்டேக்கை, துருசிலையிருந்து முதல் பங்கு ஆர் வெட்டினது?"

சிரிப்பு குழப்பத்தோடு அடங்கியது. "நான்தான். உனக்குத் தெரியாதோ?" என்றார் நடராசா.

"அதுக்கு அடுத்தது? மருதமரத்திலையிருந்து?"

ஒருவர் கைதூக்கினார்.

"கல்லிலையிருந்து பாலம் வரைக்கும்?"

இன்னொருவர். தயாபரன் அவசரப்படவில்லை. வாய்க்காலோரமாக நடப்பதுபோலவே பங்கு பங்காகக் கேட்டுக்கொண்டு போனார். ஒவ்வொரு பங்குக்கும் ஒரு குரல் வந்தது. நடுவில் எங்கேயோ அவர் முழங்கால் ஆடுவது நின்றிருந்தது. எப்போது என்று நான் கவனிக்கவில்லை. கேள்வி எங்கே போய்ச் சேரப்போகிறது என்று பாதி வழியிலேயே எல்லாருக்கும் விளங்கிவிட்டது.

"கடைசிப் பங்கு?"

புஷ்பராணி குனிந்து தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கைதூக்க அவருக்கு உரிமை இருப்பதாக அவருக்கே தோன்றவில்லை. நான் எழுந்து கத்திவிடலாமா என்றுகூட நினைத்தேன், நல்லவேளை, வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

தயாபரன் மறுபடி கேட்டார். இந்தத் தடவை ஒருவரைப் பார்த்தே. "மாமா, நீங்கள் சொல்லுங்கோ. கடைசிப் பங்கு ஆர் வெட்டினது?"

நடராசா மீசையைத் தடவினார். கூரையைப் பார்த்தார். பிறகு திரும்பிக் கதவோரத்தைப் பார்த்தார்.

"அவள்தான்" என்றார். "புஷ்பராணி. வேறை ஆர் அதுக்குள்ளை இறங்கிறது?"

"எத்தினை வருசமா?"

"ஊர் திரும்பின நாளிலையிருந்து." அவர் குரல் இறங்கிவிட்டது. "சரி சரி. எழுது. அவளின்ரை பேரையும் எழுது. ஆனா ஒண்டு, என்ரை காணியிலை சீட்டு விழுந்தா வரம்பிலை கை வைக்கப்படாது."

வாசலிலிருந்து பதில் வந்தது. "கடைசிப் பங்கைப் பாத்தீங்கள்ல அண்ணே? உங்க வரம்பையும் அப்பிடித்தான் வச்சிருப்பேன்." முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பக்கத்திலிருந்த பெண் அவர் கதிரையை உள்ளே இழுத்துப் போட்டார்.

எனக்குக் கண் கலங்கியது. சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை.

உடனே சீட்டுப் போட்டார்கள். இலக்கம் எழுதத் தாள் தேடியபோது யாரிடமும் கையில் இல்லை. தயாபரன் சட்டைப்பையிலிருந்து என் பேச்சை எடுத்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார், அனுமதி கேட்பதுபோல. நான் தலையை ஆட்டினேன். கொப்பித் தாளின் மறுபக்கம் வெறுமையாக இருந்தது. அங்கே இலக்கங்களை எழுதி, துண்டு துண்டாகக் கிழித்து, மடித்து, ஒரு அலுமினியச் சட்டியில் போட்டுக் குலுக்கினார்கள். தலைவர் என்ற முறையில் கடைசிச் சீட்டைத் தயாபரன் எடுத்தார்.

நான் கிளம்பும் நேரம் புஷ்பராணி மண்டப வாசலில் நின்றார். அவருக்கு விழுந்தது நடராசாவின் காணியில் நடுத்துண்டு. நாளைக்கே உழவு இயந்திரம் பிடிக்க வேண்டும், விதைநெல்லை ஊறப்போட வேண்டும் என்று பேசிக்கொண்டே போனார். பிறகு கையிலிருந்த சீட்டை என்னிடம் நீட்டினார்.

"சேர், இதுக்குப் பின்னால என்னமோ எழுதியிருக்கு. உங்க எழுத்துன்னு தயா சொன்னிச்சு."

வாங்கிப் பார்த்தேன். 'தலைவன் என்பவன்' என்று இருந்தது. அதோடு தாள் கிழிந்திருந்தது, மீதி யாருடைய சீட்டிலோ போய்விட்டது.

"மிச்சம் என்னங்க?" என்று கேட்டார்.

"இந்தப் பக்கம் ஒன்றும் இல்லை அம்மா" என்றேன். "திருப்பிப் பாருங்கள். உங்கள் இலக்கம் அங்கேதான் இருக்கிறது."